அகராதியைத் திறக்குமுன் அப்பத்தாவைக் கேளுங்கள்!



சென்ற மாதச் சுவர் இதழில் ஒரு அண்ணன், "நாவல் படிக்க ஆசைதான், ஆனால் பக்கத்துக்குப் பத்துச் சொல் புரியவில்லை, அதனால் மூடி வைத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே யாரோ பென்சிலால் "நானும்தான்" என்று எழுதி வைத்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு "நானும்". எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 11 "நானும்" இருந்தது! அந்தப் பதினோரு பேருக்காகத்தான் இந்தக் கட்டுரை. (சுவர் இதழில் பென்சிலால் கிறுக்கக் கூடாது என்று தமிழம்மா சொன்னதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக் கொள்கிறேன்.)

புரியாத சொல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, தாண்டிப் போய்விடுகிறோம். இல்லாவிட்டால் நோட்ஸைப் பார்க்கிறோம். இந்தப் பக்கம் ஒரு சொல், நடுவில் ஒரு சின்னக் கோடு, அந்தப் பக்கம் ஒரு சொல். பரீட்சைக்கு முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை சொல்லிப் பார்த்தால் மனப்பாடம் ஆகிவிடும். பரீட்சை முடிந்து வெளியே வந்து ஐஸ் வாங்கிச் சாப்பிடும்போது மறந்தும் போய்விடும். அந்தச் சின்னக் கோட்டுக்குள்ளே என்ன நடந்தது என்று யாருக்குமே தெரியாது.

என் கருத்து இதுதான். நாவலில் வருகிற சொல்லுக்கு முதலில் நாமே துப்பறிய வேண்டும். அடுத்து வீட்டிலும் தெருவிலும் கேட்க வேண்டும். கடைசியாகத்தான் அகராதியைத் திறக்க வேண்டும். இப்போது நாம் செய்வது அப்படியே தலைகீழ்.

துப்பறிவது என்றால் பெரிய வித்தை இல்லை. ஒரு சொல் தனியாகக் கிடந்தால் அதற்குப் பொருள் காண்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு நம்ம ஊர்ப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அகழாய்வு செய்தார்கள். பழங்கால ஈமக்குழி ஒன்றில் நெல் வைத்த ஜாடியும் ஒரு பிரிமனையும் கிடைத்தன. அந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. பிரிமனை மேல் தமிழ் பிராமியில் "வய்ர" என்று கீறியிருந்தது. அவ்வளவுதான், மூன்றே எழுத்து! அது வைரத்தைச் சொல்கிறதா, ஒரு ஆளின் பெயரா என்று படித்த அறிஞர்களே யோசித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு வாக்கியமும் பின்னால் ஒரு வாக்கியமும் இருந்திருந்தால் இந்தச் சிரமமே வந்திருக்காது.

நாவலில் வரும் சொல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கிறது நண்பர்களே! அதைச் சுற்றி ஐம்பது அறுபது சொற்கள் நின்று கையைக் காட்டுகின்றன. நாம்தான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சி.சு.செல்லப்பாவின் "வாடிவாசல்" படித்தோம். அவர் நம்ம திண்டுக்கல் மாவட்டம் வத்தலக்குண்டுக்காரர். 1959இல் புத்தகமாக வந்த கதை. சின்னப் புத்தகம்தான், மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எட்டு நாளில் முடித்துவிட்டோம். (வத்தலக்குண்டு என்றால் பஸ் மாறுகிற ஊர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். தமிழின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்றான "கமலாம்பாள் சரித்திரம்" எழுதிய பி.ஆர்.ராஜமய்யரும் அந்த ஊர்தான். 1893இல் விவேக சிந்தாமணி பத்திரிகையில் அது தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு இருபத்தொரு வயதுதான்.)

எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். படிக்கும்போது அகராதியும் கூடாது, செல்போனும் கூடாது. புரியாத சொல் வந்தால் வாசிக்கிறவள் நிறுத்த வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நினைக்கிறோம், ஏன் அப்படி நினைக்கிறோம் என்று இரண்டு வரி எழுதி ஜாமெட்ரி பாக்ஸில் போட வேண்டும். "ஏன்" எழுதாத சீட்டு செல்லாது. இதுதான் முக்கியம். "ஏன்" எழுத வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை!

முதல் சொல் புத்தகத்தின் தலைப்பேதான். ஒருத்தி "வாடீ, வாசலுக்கு!" என்று எழுதிப் போட்டாள். வேப்பமரமே அதிர்கிற மாதிரி சிரித்தோம். இன்னொருத்தி "வாடிப்போன வாசல்" என்று எழுதினாள். மூன்றாமவள் "மாடு வெளியே வருகிற இடம், ஏனென்றால் எல்லாரும் அந்தப் பக்கமே பார்க்கிறார்கள்" என்று எழுதியிருந்தாள். பாருங்கள், அவள் அகராதியே பார்க்கவில்லை, சனங்களின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். ஆனாலும் "வாடி" என்றால் என்ன என்று பாக்கி இருந்தது. எங்களில் ஒருத்தியின் அப்பா லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறவர். அவர்தான் "மரவாடின்னு சொல்றோமே, அந்த வாடிதான்" என்றார். அடைத்து வைக்கிற இடம்! மரத்தை அடுக்கி வைத்தால் மரவாடி. மாட்டை அடைத்து வைத்துத் திறந்து விடுகிற வாசல் வாடிவாசல். இந்தச் சொல் இனி எங்கள் ஏழு பேருக்கும் சாகிற வரைக்கும் மறக்காது.

அடுத்த சொல்தான் எங்களைத் திணற அடித்தது. "அணைவது". அந்தக் கதையில் மாடு பிடிக்கிறவர்களை மாடு அணைகிறவர்கள் என்று சொல்லுகிறார்கள். நம்ம ஊரில் அணை என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட பாலாறு பொருந்தலாறு அணையைத்தான் கை காட்டும். ஒரு சீட்டில் "மாட்டுக்கு முன்னால் அணை மாதிரி நின்று தடுப்பது" என்று இருந்தது. இன்னொன்றில் "விளக்கை அணைக்கிற மாதிரி மாட்டின் வேகத்தை அணைப்பது". வேறொன்றில் "கட்டிப் பிடிப்பது, அம்மா பிள்ளையை அணைக்கிற மாதிரி". மூன்றுக்கும் "ஏன்" சரியாகத்தான் இருந்தது! வீட்டுக்குப் போய் அண்ணனின் போனில் தேடிப் பார்த்தவளுக்கு முதலில் வந்தது தண்ணீர் அணைதான். போன் பொய் சொல்லவில்லை. ஆனால் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற அணை அது இல்லையே.

பிறகு ஒரு தாத்தாவிடம் கேட்டோம். அவர் வாலிபத்தில் மாடு பிடித்தவர். அவர் வாயால் ஒன்றுமே சொல்லவில்லை. திண்ணையில் இருந்த நெல் மூட்டையைக் காட்டி, அதன் மேல் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையை மேலே திமில் இருக்கிற இடத்தில் சுற்றிப் போட்டு, நெஞ்சை ஒட்டிக்கொண்டு நின்றார். "இதான் அணையறது. வாலப் புடிக்கிறது, கொம்பப் புடிச்சுத் தொங்குறதெல்லாம் அணையறதுல சேராது" என்றார். அவ்வளவுதான், பொருள் கிடைத்துவிட்டது!

நம் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் (2018இல் வந்தது) "ஏறு தழுவுதல்" என்று ஒரு உரைநடைப் பாடம் உண்டு. கலித்தொகையிலேயே இந்த விளையாட்டு இருக்கிறது. தழுவுவது என்றாலும் கட்டிக்கொள்வதுதான். டி.வி.யில் மட்டும்தான் "காளையை அடக்கினார்" என்கிறார்கள். தழுவுதல், அணைதல், அடக்குதல் மூன்றும் ஒன்றுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். கதையைப் படித்துப் பாருங்கள், அப்போது தெரியும். பிச்சியின் அப்பா அம்புலியை ஜமீன்தாரின் காரிக்காளை குத்திவிட்டது, அதில்தான் அவர் செத்துப் போனார். அதே காரியைத் தேடி மகன் வந்து வாடிவாசலில் நிற்கிறான். "அடக்க வந்தான்" என்று வைத்துக்கொண்டால் அது ஒரு பழி வாங்கும் கதை, அவ்வளவுதான், சினிமாவில் நிறையப் பார்த்திருக்கிறோம். "அணைய வந்தான்" என்றால்? அப்பாவைக் கொன்ற மாட்டின் மேலேயே நெஞ்சை ஒட்டிக்கொண்டு அதன் மூச்சு தன் மேல் படுகிற மாதிரி நிற்க வேண்டும்! எனக்கு அதை நினைத்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நோட்ஸில் "அணைதல் - பிடித்தல்" என்று போட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

காரி என்ற சொல்லையும் சும்மா விடவில்லை. கடையெழு வள்ளல்களில் காரி என்று ஒருவர் வருகிறாரே, அவர் பெயரை மாட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. எங்க வீட்டில் கேட்டால் "கருத்த மாடுடி, கருப்பா இருந்தா காரி, சிவப்பா இருந்தா செவல, வெள்ளையும் கருப்பும் கலந்தா மயில" என்று அம்மா அடுக்கிக்கொண்டே போனார். மாடு பிடிக்கிற கதை பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மாடு பிடிக்கிறது ஆம்பளையாக இருக்கலாம். தண்ணி காட்டுவதும், சாணி அள்ளுவதும், தும்பு மாற்றிக் கட்டுவதும் யார்? மாட்டுச் சொல் பாதிக்கு மேல் அம்மாமார் வாயில்தான் இருக்கிறது. சுழி என்றால் என்ன என்று அவனைக் கேட்டேன். பிள்ளையார் சுழி என்றான்! மாட்டின் முடி சுழித்திருக்கிற இடத்துக்கும் சுழி என்று பேர், அதைப் பார்த்துத்தான் சந்தையில் விலை பேசுவார்கள்.

கதையை முடித்ததும் மைதான மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டு வாடிவாசல் எங்கே, ஜமீன்தார் உட்கார்ந்த இடம் எங்கே, பிச்சி நின்ற இடம் எங்கே என்று வரைந்து பார்த்தோம். வரையும்போதுதான் எந்தச் சொல் நமக்கு உண்மையில் புரிந்தது, எது புரிந்த மாதிரி நடித்தது என்று தெரிகிறது. இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 2023இல் இதே கதையைப் பெருமாள்முருகன் எழுத, அப்புப்பென் என்ற ஓவியர் படம் வரைய, சித்திரக் கதையாகவே ஆங்கிலத்தில் கொண்டு வந்திருக்கிறார்கள்.

இனி அக்காமார் புத்தகத்துக்கு வருகிறேன். 2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கி.ராஜநாராயணனின் "கோபல்லபுரத்து மக்கள்" நாவலில் இருந்து ஒரு பகுதியைப் பாடமாக வைத்தார்கள். 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல் அது. பாடத்தோடு வட்டாரச் சொற்களுக்குப் பொருளும் கொடுத்திருக்கிறார்கள். அதில் "நீத்துப்பாகம் - மேல்கஞ்சி" என்று ஒன்று. சரி, மேல்கஞ்சி என்றால் என்ன? குக்கரில் சோறு வைக்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அதுவும் தெரியாத சொல்தானே! ஒரு தெரியாத சொல்லுக்கு இன்னொரு தெரியாத சொல்லைப் பொருளாகச் சொன்னால் என்ன லாபம்?

இதற்கு அகராதி வேண்டாம், ஒரு மண்சட்டி போதும். ராத்திரி கம்பங்கூழைக் கரைத்து மூடி வைத்துவிட்டு விடிந்ததும் கலக்காமல் திறந்து பார்க்க வேண்டும். கூழ் அடியில் தங்கி, மேலே தெளிவாக ஒரு தண்ணீர் நிற்கும். அதை அகப்பையால் அலுங்காமல் மொண்டு, ஒரு கல் உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தோம். வெயிலில் நடந்து வந்தவனுக்கு முதலில் எதற்கு அதைக் கொடுப்பார்கள் என்பது தொண்டைக்குள் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. நாக்கால் கற்றுக்கொண்ட சொல் அது.

அதே பட்டியலில் "கடிச்சு குடித்தல் - வாய்வைத்துக் குடித்தல்" என்றும் இருக்கிறது. இதை நடித்துப் பார்க்கலாம் என்று ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தோம். ஒருத்தி அண்ணாந்து குடித்தாள். ஒருத்தி வாய் வைத்துக் குடித்தாள். மூன்றாமவள் குடிக்கவில்லை. கையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க பாட்டி சின்ன வயசுல இப்படித்தான் குடிச்சாங்களாம், சொம்பு அவங்க கைக்கு வராதாம், மேல இருந்து ஊத்துவாங்களாம்" என்று சொன்னாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீக்கடையில் இரண்டு விதமான குவளை வைத்திருந்த கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் "வாய்வைத்துக் குடித்தல்" என்று பத்துத் தடவை மனப்பாடம் செய்தபோது அது யாருக்காவது ஞாபகம் வந்ததா? யார் யார் வீட்டில் யார் யார் கடித்துக் குடிக்கலாம் என்பது அந்த ஒரு சொல்லுக்குள்ளே கிடக்கிறது. அடுத்து அந்தச் சொம்பை எல்லாரும் ஒருத்தர் பின் ஒருத்தராக வாங்கி வாய் வைத்தே குடித்தோம். ஜலதோஷம் பிடித்தால் பிடிக்கட்டும் என்று!

இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். "பதனம்" என்று ஒரு சொல். கவனம் என்று பொருள். எங்க அப்பத்தா நான் சைக்கிள் எடுக்கிறபோதெல்லாம் "பதனமாப் போ தாயி" என்று சொல்லும். என் தோழி ஒருத்தி டியூஷனில் கட்டுரை எழுதும்போது "சாலையைப் பதனமாகக் கடக்க வேண்டும்" என்று எழுதினாள். சிவப்பு மையில் வட்டம் போட்டு "கொச்சை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அழவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கட்டுரையில் வீட்டுச் சொல் ஒன்றுகூட எழுதுவதில்லை. அதே "பதனம்" பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அச்சடித்து, பக்கத்தில் பொருளும் போட்டு வந்திருக்கிறது! ஒரு சொல்லை எங்க அப்பத்தா சொன்னால் கொச்சை, பாடப்புத்தகத்தில் வந்தால் இலக்கியமா? பரீட்சைக்குப் பொது நடை தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வட்டம் போடுவதற்குப் பதிலாக, "நல்ல சொல், இதற்குப் பொதுவழக்கில் கவனம் என்று எழுதலாம்" என்று ஓரத்தில் எழுதினால் மை ஒன்றும் அதிகம் செலவாகாதே.

அகராதி என்றால் வானத்தில் இருந்து விழுந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஆள் ஆளாகக் கேட்டு எழுதியதுதான். வீரமாமுனிவர் இத்தாலியில் இருந்து வந்து தமிழ் கற்று 1732இல் சதுரகராதி செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதி வெளியிட்டது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்! அவ்வளவு பெரிய வலையிலும் சில மீன் நழுவத்தான் செய்யும். அப்படி நழுவியதைப் பிடித்தவர் யார் தெரியுமா? எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு விவசாயி. கி.ரா. தான் அவர். கரிசல்காட்டுச் சொற்களைச் சேர்த்து 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டு வந்தார். அவரைப் பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகமே கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. 2021இல் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000இல் வெளியிட்டார். விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் அரசு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். ஸ்பானர் பிடித்த கையாலேயே 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதி செய்திருக்கிறார். இவர்களுக்குக் கிடைத்த பொழுது நமக்குக் கிடைக்காதா?

எழுதுகிறவர்களே கேட்டுத்தான் எழுதுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ராஜம் கிருஷ்ணன் அம்மையார் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதத் தூத்துக்குடிப் பக்கமே போய், அந்த மக்களோடு பழகி, "கரிப்பு மணிகள்" நாவல் எழுதினார். நாம் "குழம்பு கரிக்குது" என்றால் உப்பு அதிகம் என்று அர்த்தம். "கண்ணு கரிக்குது" என்றால் எரிச்சல். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு கரிப்பும்தானே? தலைப்பிலேயே இவ்வளவு இருக்கிறது!

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஒரு சொல்லுக்குச் சொம்பும் மண்சட்டியும் தேடிக்கொண்டிருந்தால் பாடம் முடியாது. எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. பக்கத்துக்குப் பத்துச் சொல் புரியாவிட்டால் எட்டைத் தாண்டிப் போங்கள், குற்றமே இல்லை. கதை ஓடட்டும். இரண்டே இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதைப் பிடிப்பது என்றால், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதோ, எந்தச் சொல்லால் ஒரு ஆள் அழுகிறாரோ கோபப்படுகிறாரோ, அதை.

வீட்டில் பாட்டி தாத்தா இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டாள். பூக்கட்டுகிற அக்கா இருக்கிறார், சத்துணவு சமைக்கிற அம்மா இருக்கிறார், டவுன் பஸ் கண்டக்டர் இருக்கிறார், எல்லாரிடமும் சொல் இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் "எங்க வீட்டுச் சொல் தமிழே இல்லையே" என்று ஒதுங்க வேண்டாம். கி.ரா. வீட்டு மொழியும் தெலுங்குதான். கோபல்லபுரத்தைக் கட்டியவர்களே தெலுங்கு தேசத்தில் இருந்து வந்தவர்களாகத்தான் அவர் கதையில் வருகிறார்கள். நம்ம பழனிப் பக்கம் கொங்கும் மதுரையும் கலக்கிற இடம் வேறு. எங்க தெருவிலேயே அம்மாவின் அம்மாவை ஒரு வீட்டில் அம்மாச்சி என்கிறார்கள், எதிர் வீட்டில் அம்முச்சி என்கிறார்கள். இரண்டு பாட்டியும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். மாடு அணைவதை மூட்டையில் சாய்ந்து காட்டிய தாத்தா இந்தத் தை மாதம் இறந்துபோனார். அவரிடம் கேட்க எழுதி வைத்திருந்த சொற்கள் இன்னும் நான்கு என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன.

தமிழம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டேன். இந்தச் சுவர் இதழின் வலது ஓரத்தில் இனி ஒரு முழம் இடம் சொற்களுக்கு. அதற்குக் கீழே பழைய சாக்பீஸ் டப்பா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சீட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்த நாவலில் பார்த்த சொல் அல்லது யார் சொன்ன சொல், நீங்கள் முதலில் நினைத்த பொருள், அதற்கு "ஏன்". வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் முடிந்ததும் திறந்து படிப்போம். அதற்குப் பிறகு அகராதியைத் திறப்போம். அகராதியில் இல்லாத சொல் கிடைத்தால் அதற்கென்று 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம், கொண்டு வந்தவர் பெயரோடு ஏறும்.

முதல் வாரத்துக்கு நானே ஒரு சொல் தருகிறேன். மேலே பொருந்தல் பற்றி எழுதும்போது "பிரிமனை" என்று ஒரு சொல் எழுதினேன், நீங்களும் தாண்டித்தானே வந்தீர்கள்? அது என்ன, எதனால் செய்வார்கள், எங்கே வைப்பார்கள், உங்கள் வீட்டில் அதற்கு என்ன பேர் என்று இன்று சாயங்காலம் கேட்டு வாருங்கள். முடிந்தால் படமும் வரையுங்கள். போனில் பார்த்து எழுதிய சீட்டு செல்லாது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி